சின்னப் பொருளைப் படம் எடுக்க வெளிச்சத்தைத் திருப்பக் கற்போம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக நாம் சேமிப்பு, உள்கடன், தவணை என்றுதான் பேசுவோம். இன்றைக்குக் கணக்கு நோட்டைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டு, கையில் இருக்கிற செல்போனை எடுத்துக்கொள்ளுங்கள். "போட்டோ எடுக்கிறதெல்லாம் ஒரு பாடமா?" என்று பின்வரிசையில் ஒரு அக்கா சிரிக்கிறார். சிரிக்கட்டும். பாடம்தான். ஏன் என்று முதலில் சொல்கிறோம்.

நம்ம குழு ஒன்றில் ஒரு சகோதரி, குழுவில் 20,000 ரூபாய் கடன் வாங்கி மக்காச்சோளம் போட்டார். விதைத்து இருபது நாள் இருக்கும். இலையெல்லாம் ஓட்டை. குருத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே புழு. வேலைக்குப் போய்விட்டு, பொழுது சாய்கிற நேரத்தில் வந்து படம் எடுத்து வேளாண்மை அலுவலருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "படம் தெளிவாக இல்லை, மறுபடியும் அனுப்புங்கள்" என்று பதில் வந்தது. மறுநாள் உச்சி வெயிலில் எடுத்தார். குனிந்து கிட்டே போனதும் அவர் நிழலும் போன் நிழலும் புழு மேலேயே விழுந்துவிட்டது. அதற்கு மறுநாள் போனில் இருக்கிற ஃபிளாஷைப் போட்டு எடுத்தார். புழு வெள்ளையாகப் பளீரென்று தெரிந்தது, உடம்பில் இருக்கிற குறி ஒன்றும் தெரியவில்லை.

இப்படியே நான்கு நாள் போய்விட்டது. பொறுக்க முடியாமல் கடையில் உத்தேசமாகக் கொடுத்த மருந்தை வாங்கி அடித்தார். "மருந்துக் காசும் போச்சு, குருத்தும் போச்சு" என்று கூட்டத்தில் வந்து அழுதார். இரண்டு மாதத் தவணையைக் குழுதான் தாங்கியது.

தப்பு அந்தச் சகோதரி மேல் இல்லை. படம் எடுத்து அனுப்பினால் போதும் என்று சொல்லிக்கொடுத்தது நாங்கள். வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை நாங்கள் சொல்லவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இன்றைய பேச்சு.

எதைக் காட்ட வேண்டும்?

மக்காச்சோளத்தை அழிக்கிற படைப்புழு அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி. 2016-இல் ஆப்பிரிக்காவில் காணப்பட்டது. 2018-இல் இந்தியாவில் முதலில் கர்நாடகாவிலும், அதே ஆண்டில் நம் தமிழ்நாட்டிலும் காணப்பட்டது. வளர்ந்த புழுவே 3 முதல் 4 செ.மீ. நீளம்தான். இதை மற்ற புழுக்களிலிருந்து பிரித்துச் சொல்ல இரண்டு அடையாளம் பார்ப்பார்கள். தலையில், ஆங்கில எழுத்து 'ஒய்' தலைகீழாக நிற்கிற மாதிரி ஒரு வெளிர் கோடு. வால் பக்கம், கோலத்துக்குச் சதுரமாக வைக்கிற நாலு புள்ளி மாதிரி நாலு கறுப்புப் புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் கடுகைவிடச் சின்னது. இந்த நாலு புள்ளி படத்தில் தெரிந்தால்தான் அலுவலர் நிச்சயமாகச் சொல்ல முடியும்.

கிட்டே போனால் ஏன் இருட்டுகிறது?

தூரத்தில் நின்று வயலை எடுத்தால் படம் நன்றாக வருகிறது. கிட்டே போகப் போக நாமும் போனும் வெளிச்சத்தை மறைக்கிறோம். வெயில் ஒரு பக்கம்தான் விழுகிறது, மறு பக்கம் இருட்டு. வெளிச்சம் குறைந்தால் போன் படத்தைப் பதிய அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் கை லேசாக ஆடினாலும் படம் கலங்கிவிடும். ஃபிளாஷ் போட்டாலோ, மிகக் கிட்டத்தில் நேராக அடித்து எல்லாவற்றையும் வெளுப்பாக்கிவிடும்.

இதற்குப் புது விளக்கு வாங்க வேண்டாம். இருக்கிற வெயிலையே இருட்டுப் பக்கத்துக்குத் திருப்பி விட்டால் போதும். சின்ன வயதில் கண்ணாடித் துண்டை வெயிலில் காட்டி எதிர்வீட்டுச் சுவரில் வெளிச்சம் அடித்து விளையாடினோமே, அதே வேலைதான். சினிமா ஷூட்டிங் பார்த்தவர்களுக்குத் தெரியும், வெள்ளித்தாள் ஒட்டின பலகையையும் தெர்மாகோலையும் பிடித்துக்கொண்டு ஆள் நிற்பார்கள். அதற்கு ரிஃப்ளெக்டர் என்று பெயர். 1956-இல் வந்த சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' வங்காளப் படத்தில், ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா காசி வீட்டு முற்றம் போலப் போட்ட செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்கு வெளிச்சத்தை அதில் அடித்துக் கீழே திருப்பினார். முற்றத்தில் பகல் வெளிச்சம் மாதிரியே பரவியது. பெரிய படத்துக்கே வெள்ளைத் துணி உதவியது என்றால், நம்ம புழுவுக்கு ஒரு அட்டை போதாதா?

வீட்டில் இருப்பதே போதும்

வெள்ளை சார்ட் அட்டை, தெர்மாகோல் துண்டு, வெளுத்த வேட்டித் துணி, இவை மெதுவான வெளிச்சம் தரும். சாப்பாடு கட்டுகிற அலுமினியத் தாள், சிப்ஸ் பாக்கெட்டின் உள்பக்கம், இவை பலமான வெளிச்சம் தரும். இந்தத் தாளைக் கசக்கிவிட்டு, மறுபடி விரித்து, நோட்டு அட்டை அளவு அட்டையில் ஒட்டுங்கள். கசங்கின தாள் வெளிச்சத்தைச் சிதறி எல்லா இடத்திலும் பரப்பும். வழவழப்பாக இருந்தால் ஒரே இடத்தில் சுள்ளென்று விழும். அட்டையின் மறுபக்கத்தில் வெள்ளைத் தாளை ஒட்டினால் ஒரு அட்டையில் இரண்டு வேலை.

நிறத்தைக் கவனியுங்கள். மஞ்சள் அட்டை மஞ்சள் வெளிச்சம்தான் தரும். கிட்டே நிற்கும்போது நாம் கட்டியிருக்கிற சிவப்புச் சேலைகூடப் படத்தில் சிவப்புச் சாயலை விழ வைக்கும்.

எடுக்கும் முறை

1. காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள், அல்லது மாலை 4 மணிவாக்கில் எடுங்கள். அப்போது வெயில் சாய்ந்து விழும்.

2. போன் கண்ணாடியை மெல்லிய துணியால் துடையுங்கள். மாவுக் கையும் எண்ணெய்க் கையும் பட்டு மங்கியிருக்கும்.

3. வெயில் புழுவுக்கு ஒரு பக்கத்தில் இருந்து வரட்டும். அதற்கு எதிர்ப்பக்கம் அட்டையைப் பிடியுங்கள். மெல்லச் சாய்த்துப் பாருங்கள், இருட்டுப் பக்கம் வெளுக்கிற இடத்தில் நிறுத்துங்கள். அட்டை கிட்டே வந்தால் வெளிச்சம் கூடும், தள்ளிப்போனால் குறையும்.

4. புழு குருத்துக்குள் இருந்தால் வெள்ளித்தாள் பக்கத்தால் வெளிச்சத்தை மேலிருந்து உள்ளே இறக்குங்கள். ஈரமான மரத்தூள் மாதிரி கிடக்கிற எச்சமும் படத்தில் விழும். அதுவும் ஒரு அடையாளம்.

5. ஒரு சாண் தூரத்தில் ஆரம்பித்து மெல்லக் கிட்டே போங்கள். படம் கலங்கினால் கொஞ்சம் பின்னால் வாருங்கள். திரையில் புழுவின் மேல் விரலால் தொட்டு, முழங்கையை முட்டியில் ஊன்றி எடுங்கள்.

6. பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வைத்து இன்னொரு படம் எடுங்கள். அளவு தெரியும்.

இது ஒரு ஆள் வேலை இல்லை. ஒருவர் அட்டை பிடிக்க, ஒருவர் படம் எடுக்க வேண்டும். குழுவாக இருக்கிற நமக்கு அதில் என்ன கஷ்டம்?

விற்பனைக்கும் இது உதவும்

சுடுமண் நகை, பட்டுநூல் ஜிமிக்கி, எம்பிராய்டரி செய்கிற குழுக்களுக்கும் இதே முறைதான். வாசல் ஓரத்து நிழலில் பொருளை வைத்து, வெள்ளைப் பக்கத்தைப் பயன்படுத்துங்கள். பளபளக்கிற கல்லுக்கும் ஜரிகைக்கும் வெள்ளித்தாள் வேண்டாம், கண் கூசும். நிழல் முழுவதும் போய்விட்டால் எம்பிராய்டரியின் மேடு பள்ளம் தெரியாது. அதனால் அட்டையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, லேசான நிழலை விட்டு வையுங்கள். நிறம் உள்ளபடி தெரிந்தால், "படத்தில் வேற கலர், கையில் வேற கலர்" என்ற பேச்சு குறையும்.

ஒரு எச்சரிக்கை. வெயிலைத் திருப்பும்போது யார் கண்ணிலும் அடிக்காதீர்கள். குழிவான எவர்சில்வர் பாத்திரத்தை வெயிலில் காய்ந்த சருகு, வைக்கோல் பக்கம் வைத்துவிட்டு வராதீர்கள். வெயில் ஒரே இடத்தில் குவிந்தால் தீப்பிடிக்கக்கூடும்.

அந்தச் சகோதரி அடுத்த போகத்தில் மறுபடியும் மக்காச்சோளம்தான் போட்டார். இந்த முறை பக்கத்து வயல் அக்கா அட்டை பிடிக்க, காலையிலேயே படம் எடுத்து அனுப்பினார். நாலு புள்ளியும் எண்ணுகிற மாதிரி தெரிந்தது. அன்று சாயங்காலமே பதில் வந்தது. எந்த மருந்து, எவ்வளவு, குருத்துக்குள் எப்படி விட வேண்டும் என்று தெரிந்து செய்தார். கொஞ்சம் சேதம் ஆனாலும் கதிர் வீட்டுக்கு வந்தது. இப்போது தவணை பாக்கி இல்லை. இன்றைக்கு முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொரு குழுவும் ஒரு அட்டை செய்யுங்கள். ஒரே பொருளை அட்டை இல்லாமல் ஒரு படம், அட்டையோடு ஒரு படம் எடுத்து வாருங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். வித்தியாசத்தை உங்கள் கண்ணே சொல்லும்.