பணியிடமே பள்ளியாகட்டும்

(அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரை)

 

நம் முன்னோர் போற்றிய நால்வகைத் தானங்களுள் சாத்திர தானமும் ஒன்று. மாணவர்க்கு நூலும் கட்டணமும் அளித்து நாம் உதவுவது அதன் வழிப்பட்டதே. ஆனால், நம் வயலிலும் அரிசி ஆலையிலும் கடையிலும் நம்மோடு உழைக்கும், எழுத்தறியாத பெரியவர்களை நாம் நினைத்துப் பார்த்ததுண்டா? இன்று அவர்களைப் பற்றியே பேச விழைகிறேன்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் எழுத்தறிவு பெற்றோர் 80.09 விழுக்காடு, பெண்களிடையே 73.44 விழுக்காடு. அஃதாவது, பெண்களில் நால்வருக்கு ஒருவருக்கும் மேலானோர் எழுத்தறியாதவர். இவர்களுள் பெரும்பாலோர் இனிப் பள்ளிக்குச் செல்லப் போவதில்லை. நாள்தோறும் செல்வது வேலைக்குத்தான். ஆகவே, அங்கேதான் கல்வி அவர்களைச் சந்திக்க வேண்டும்.

வருங்கால வைப்பு நிதிக்கெனத் தொழிலாளியின் ஊதியத்தில் பொதுவாக 12 விழுக்காடு பிடிக்கப்படுகிறது. முதலாளியும் அதே அளவு செலுத்துகிறார். விழுக்காடு என்பது விளங்காதவருக்குக் கூலி குறைந்தது மட்டுமே தெரியும். சேர்ந்த பணம் தெரியாது. வங்கி அட்டையின் இரகசிய எண்ணைப் பிறரிடம் சொல்லிப் பணம் எடுத்துத் தரக் கேட்பவரும் இவரே. கற்றவர் எளிதில் காக்கும் பொருளைக் கல்லாதவர் பிறரை நம்பி ஒப்படைக்கிறார்.

வேலையோடு இணைந்த கல்விக்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் தொடங்கிய காலத்தில் திருமதி ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தார். கல்லுடைக்கும் கூலிப் பெண்கள் எழுத்துக் கற்றனர். மிதிவண்டி ஓட்டவும் பழகினர். அவர்கள் குழுக்களாகக் கூடிக் கல்குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்தபோது, எத்தனை லோடு ஏறியது, யாருக்கு எவ்வளவு பங்கு என்னும் கணக்கு அவர்கள் கைக்கே வந்தது. பயன்படும் இடத்தில் கற்ற கல்வி எளிதில் மறவாது.

இதனை நாம் செய்வதற்கு மூன்று செய்திகளைக் கருத வேண்டும்.

முதலாவது நேரம். மாலையில் வீடு திரும்பும் பெண்ணுக்கு அடுப்பு காத்திருக்கிறது. ஆகவே, வேலை நேரத்திலேயே, கூலி குறையாமல், வாரம் மூன்று நாள் அரைமணி ஒதுக்க வேண்டும்.

இரண்டாவது பாடம். குழந்தைகளின் அரிச்சுவடி வேண்டா. தம் பெயர், வருகைப் பதிவேடு, மூட்டையின் மேலுள்ள எழுத்து, எடைச் சீட்டு ஆகியவையே முதற்பாடம். 38 மூட்டைக்கு, மூட்டை ஒன்றுக்கு 12 ரூபாய் வீதம் எவ்வளவு எனக் கேளுங்கள். நாற்பதுக்கு 480, அதில் இரண்டுக்கு 24 போக 456 என மனத்திலேயே சொல்லிவிடுவோர் உண்டு. அவருக்கு எண் தெரியாது என்று கூறலாகாது. தாளில் எழுதும் முறைதான் தெரியாது. அவர் அறிந்த வழியிலிருந்தே தொடங்க வேண்டும்.

மூன்றாவது மரியாதை. பலர் முன்னிலையில் பிழை சுட்டலாகாது. எழுதத் தெரியாமை வேலைக்கு இடையூறாகுமோ என்னும் அச்சமும் எழக்கூடாது. முதலாளியே ஆசிரியராகாமல், வெளியிலிருந்து ஒருவர் வந்து கற்பிப்பது நன்று. அப்போதுதான் கூலியைப் பற்றிய ஐயத்தையும் அவர்கள் கூச்சமின்றிக் கேட்பார்கள்.

பெருமக்களே! எழுதக் கற்றவர் நாளை நம் பேரேட்டையும் படிப்பார், கணக்குக் கேட்பார். அதற்கு அஞ்சுவோமானால், நாம் அளிப்பது தானமாகாது. கேட்பவருக்கு ஏட்டைத் திறந்து காட்டும் துணிவே இத்தானத்தின் உயிர். நேர்மையான கணக்குடையவருக்கு இதில் இழப்பில்லை. மூட்டையை எண்ணிப் பதியவும், எச்சரிக்கைப் பலகையைப் படிக்கவும் வல்ல தொழிலாளியால் ஆலைக்கும் நன்மையே.

15 வயதுக்கு மேற்பட்டோருக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022 முதல் தன்னார்வலர்களைக் கொண்டு நடைபெறுகிறது. நம்மிடையே ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் பலர் உள்ளனர். விடுமுறையில் ஊர் வரும் இளைஞரும் உள்ளனர். தொழில் நடத்துவோர் இடமும் நேரமும் தரட்டும், இவர்கள் கற்பிக்கட்டும். ஆலைக்கு ஒரு குழு, குழுவுக்குப் பத்துப் பேர் எனத் தொடங்கினாலும் போதும். அடுத்த ஆண்டு விழாவிற்குள், கைநாட்டு வைத்தவர்கள் தம் பெயரைத் தாமே எழுதிக் கூலி பெறும் நிலையை உண்டாக்குவோம் என வேண்டி அமைகிறேன்.