பாஸ்ரர் வீட்டில் பிரிவு வந்தால்



போதகரின் குடும்பம் உடைகிறது என்றால் எங்கட சனம் தொலைபேசியில் மணிக்கணக்காகக் கதைக்கும். சபைக் கூட்டத்தில் ஒருவரும் வாய் திறவார். ஆகவே இன்று வானொலியில் கதைப்போம்.

அட்லாண்டா முதலாம் பப்ரிஸ்ற் சபையின் சார்ள்ஸ் ஸ்ரான்லியை உங்களில் பலர் வானொலியில் கேட்டிருப்பீர்கள். அவருடைய மனைவி ஆனா 1993இல் விவாகரத்துக்கு மனுச் செய்தார். ஏழு வருட இழுபறிக்குப் பிறகு 2000 மே மாதத்தில் அது முடிந்தது. இதற்கிடையில், 1995இல், மகன் அன்டி விலகிப்போய் வேறு சபை தொடங்கினார். ஸ்ரான்லியைச் சபை விடவில்லை; 2020 வரை அவரே தலைமைப் போதகர். 2023இல் காலமானார்.

அவர் நின்றது சரியா பிழையா என்று இன்றும் வாதாடுகிறார்கள். எனக்கு உறுத்துவது வேறு. வாதம் முழுவதும் பிரசங்க மேடையைப் பற்றியது. ஆனா எந்தக் கோவிலுக்குப் போவார், யாரோடு மனம்விட்டுக் கதைப்பார்?

இது புதிதல்ல. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடக்கிய ஜோன் வெஸ்லி 1751இல் மணம் முடித்தார். அந்த வாழ்வு கசந்து பிரிந்தது. 1781இல் மனைவி இறந்து அடக்கமும் முடிந்த பிறகுதான் அவருக்குச் செய்தி கிடைத்தது.

இனி எங்கட கதை. நியூ ஜேர்சியிலோ ரெக்சாஸிலோ ஒரு சிறு தமிழ்ச் சபை ஊரிலிருந்து போதகரை அழைப்பிக்கிறது. அவருக்கு ஆர்-1 விசா, மனைவிக்கு ஆர்-2. அந்த விசாவில் அவர் வேலை செய்ய முடியாது. விவாகரத்து ஆனால் விசாத் தகுதியும் போய்விடும். வீடு சபையினுடையது, சிநேகிதர் எல்லாம் சபையார். ஒரே நாளில் எல்லாம் போகும். அகதியாக வந்த எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பேராயர் உள்ள சபையென்றால் விசாரிக்க மேலே ஒருவர் இருக்கிறார். தனிச் சபைகளில் நிர்வாகக் குழுதான், அதிலும் பாதிப்பேர் பாஸ்ரரின் உறவு! வெளியிலிருந்து ஒரு ஆலோசகரைக் கூப்பிடுங்கள். அடி உதை என்றால் முதலில் பொலிஸ், பிறகு ஜெபம். பாஸ்ரருக்குச் சம்பளத்தோடு சில மாத லீவு கொடுங்கள்.

அன்ரிக்குத் தனியாக ஒரு குடிவரவுச் சட்டத்தரணி வேண்டும், சில மாத வாடகையும் வேண்டும். அந்தக் காசைக் கட்டட நிதியிலிருந்து எடுத்தாலும் நான் கை தூக்குவேன்.