ஓய்வுக்காலமும் வீட்டு வேலைகளும்: பிரிட்ஜ்வாட்டர் மூத்தோர் கூட்டத்தில் ஆற்றிய உரை



பணி ஓய்வு பெற்ற முதல் மாதத்தில் பெரும்பாலோர் உறங்கி மகிழ்கின்றனர். இரண்டாம் மாதத்தில் வீட்டில் பழுதான பொருள்கள் கண்ணில் படத் தொடங்குகின்றன. ஒழுகும் குழாய், ஆடும் கைப்பிடி, பல ஆண்டுகளாக எவரும் திறவாத பேஸ்மென்ட் பெட்டிகள். இது நல்ல அறிகுறி. அலுவலகம் விட்டுச்சென்ற காலை நேரத்தை வீடு நிரப்பத் தொடங்குகிறது. ஆயினும் எல்லா வேலையும் எல்லோருக்கும் உரியதன்று. எதனைத் தாமே செய்யலாம், எதனைப் பிறரிடம் விட வேண்டும் என்பதே இன்று நான் பேச விரும்பும் பொருள். நகராட்சி அறிவிப்புகளைத் தமிழாக்கும் பணியில் இருப்பதாலும், சட்டம் பயின்றமையாலும், சில விதிகளையும் இடையிடையே சொல்வேன், பொறுத்தருள்க.

முதலில் பனி. டிரைவ்வேயில் குவிந்த பனியை அள்ளுவது எளிய உடற்பயிற்சி என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். அமெரிக்க இதய நலச் சங்கம் ஆண்டுதோறும் இதைக் குறித்து எச்சரிக்கிறது. குளிர்காற்று இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. இரத்த அழுத்தம் உயர்கிறது. நடக்கும்போது உழைப்பவை கால்கள். பனி அள்ளும்போதோ கைகள். கைகளின் உழைப்பு இதயத்திற்கு அதிகச் சுமை. கனமான ஈரப்பனியைத் தூக்கும்போது நம்மையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். அது அழுத்தத்தை மேலும் ஏற்றுகிறது. 2016 ஜனவரியில் பெய்தது போன்ற பெரும்பனி இரண்டடி உயரத்திற்குக் குவிந்தால், ஒரு காலைக்குள் மிகப் பெரும் எடையை நகர்த்த வேண்டியிருக்கும். இதய நோய், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்கள் இவ்வேலையைக் கூலி கொடுத்து ஒப்படைப்பதில் இழுக்கு ஏதுமில்லை. தாமே செய்துதான் ஆக வேண்டும் என்போர், உணவு உண்டவுடன் இறங்க வேண்டா. சிறிய மண்வெட்டியால் தூக்காமல் தள்ளுங்கள். பனி நிற்கும்வரை காத்திராமல், இரண்டு மூன்று அங்குலம் சேரும்போதே சிறிது சிறிதாக விலக்குங்கள். நெஞ்சில் இறுக்கம், தாடையிலோ கையிலோ வலி, குளிரிலும் வியர்வை, காரணமற்ற மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் 911 அழைக்க வேண்டும். தாமே காரோட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போகக் கூடாது. நீரிழிவுள்ளோருக்கு நெஞ்சுவலி இல்லாமலேயே மாரடைப்பு வரக்கூடும் என்பதையும் நினைவிற் கொள்க.

அடுத்தது விழுதல். 65 வயதைக் கடந்தவர்களுள் நால்வரில் ஒருவருக்கு மேல் ஆண்டுதோறும் ஒருமுறையேனும் விழுகின்றனர் என்று இந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் கூறுகிறது. ஆகவே ஓய்வுக்காலத்தின் முதல் வீட்டு வேலை எது என்று என்னைக் கேட்டால், புதிய டெக் அன்று, குளியலறைக் கைப்பிடி என்பேன். அக்கைப்பிடியைச் சுவரின் சுண்ணப்பலகையில் மட்டும் திருகிவிட்டால், பிடிக்கும் நாளில் பலகையோடு பெயர்ந்து வரும். உள்ளிருக்கும் மரச்சட்டத்தில் திருக வேண்டும். மாடிப்படிக்கு இருபுறமும் கைப்பிடி, பேஸ்மென்ட் படியில் மேலும் கீழும் மின்விளக்குச் சொடுக்கி, இரவில் குளியலறை வழியில் சிறு விளக்கு. இவை சில நாள் வேலையே. கூரைச் சாக்கடையில் இலையகற்ற ஏணியேறும் வேலையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மருந்துகளால் தலைசுற்றல் வரும் வயதில் ஏணி நமக்கு நண்பன் அன்று.

இனி அனுமதி பற்றி. நியூ ஜெர்சியின் சீரான கட்டுமான விதித்தொகுப்பின்படி, வண்ணம் பூசுதல், சுவர்த்தாள் ஒட்டுதல், குழாய்முனை மாற்றுதல் போன்றவை வழக்கமான பராமரிப்பு, அனுமதி வேண்டா. பேஸ்மென்டை அறையாக்குதல், டெக் கட்டுதல், வாட்டர் ஹீட்டர் மாற்றுதல் ஆகியவற்றிற்கு நகராட்சியின் கட்டுமான அலுவலகத்தில் அனுமதி பெற வேண்டும். ஹீட்டருக்குமா என்று வியப்போர் உண்டு. எரிவாயு ஹீட்டரின் புகைக்குழாய் சரியாக இணையாவிடில், நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் பரவும். ஆய்வாளர் வருவது அதற்காக.

தனிவீட்டின் உரிமையாளர், தாம் குடியிருக்கும் வீட்டில், மின்சார வேலையையும் குழாய் வேலையையும் அனுமதி பெற்றுத் தாமே செய்ய இம்மாநிலம் இடமளிக்கிறது. மகனோ மகளோ பெயரில் உள்ள வீட்டில் வாழும் பெற்றோர் அவ்வீட்டின் உரிமையாளர் அல்லர். இச்சலுகை தமக்கும் உண்டு என்று கொள்ளாமல், முதலில் கட்டுமான அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும். தமிழ்நாட்டில் வாழ்நாள் முழுதும் மின் பொறியாளராக இருந்தவருக்கு இது கசக்கத்தான் செய்யும்.

ஒப்பந்தக்காரரை அமர்த்தும்போது, 500 டாலருக்கு மேற்பட்ட வீட்டுச் சீரமைப்பு ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது இம்மாநிலச் சட்டம். அவருடைய பதிவு எண்ணும் காப்பீட்டுச் சான்றின் படியும் அதில் இடம்பெற வேண்டும். ஒப்பந்தப் படி கைக்குக் கிடைத்ததிலிருந்து மூன்றாம் வேலைநாள் நள்ளிரவுக்குள், காரணம் கூறாமலேயே அதனை எழுத்து மூலம் ரத்து செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. பக்கத்துத் தெருவில் வேலை முடிந்து தார் மீதமிருக்கிறது, மலிவாகப் போட்டுத் தருகிறோம், இன்றே ரொக்கம் தாருங்கள் என்று கதவைத் தட்டுவோரிடம் இவ்வுரிமை நடைமுறையில் பயன்படாது. பணம் பெற்றபின் அவர்களைத் தேடிப் பிடிக்க இயலாது. பகலில் தனியே இருக்கும் முதியோரையே அவர்கள் நாடுகின்றனர். "மகன் வந்தபின் பேசுங்கள்" என்று சொல்லிக் கதவை அடைத்துவிடலாம்.

தோட்டத்திற்கு வருவோம். இவ்வட்டாரத்து மண் பெரும்பாலும் செந்நிறக் களிமண். மே மாத நடுவில் உறைபனி அச்சம் நீங்கியபின் வெண்டை, கத்தரி, மிளகாய் நாற்றுகளை நடலாம். வெந்தயக்கீரையை அதற்கு முன்பே விதைக்கலாம். கறிவேப்பிலையைத் தொட்டியில் வளர்த்து, இரவு வெப்பநிலை 50 பாரன்ஹீட்டுக்குக் கீழ் இறங்கும்போது உள்ளே எடுத்து வர வேண்டும். முருங்கை இங்குக் குளிர்காலத்தில் நிலத்தில் நில்லாது. இடுப்புயரப் பாத்தி அமைத்தால் குனிய வேண்டியதில்லை. மண் பரிசோதனைக்கு ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் வேளாண் விரிவாக்கப் பிரிவு கட்டணம் பெற்று உதவுகிறது. அதன் சாமர்செட் மாவட்ட அலுவலகம் பிரிட்ஜ்வாட்டரிலேயே உள்ளது. வேலிக்கம்பமோ மரமோ நடக் குழிதோண்டும் முன் 811 எண்ணை அழையுங்கள். நிலத்தடிக் குழாய்களையும் கம்பிகளையும் இலவசமாகக் குறித்துத் தருவர். மான்கள் உங்கள் வெண்டையை உண்பது ஒருபுறமிருக்க, அவற்றோடு வரும் உண்ணிகள் லைம் நோயைப் பரப்புகின்றன. தோட்டத்திலிருந்து திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதின் பின்புறம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கடித்த உண்ணியை 24 மணி நேரத்திற்குள் இடுக்கியால் நீக்கினால் நோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு.

தோட்ட வேலை நடைப்பயிற்சிக்கு ஈடாகுமா? ஓரளவு ஆகும். வாரத்திற்கு 150 நிமிட மிதமான உழைப்பு, இரண்டு நாள் தசைவலுப் பயிற்சி, அவற்றோடு சமநிலைப் பயிற்சி என்பது மூத்தோருக்கான பொதுப் பரிந்துரை. பேச முடியும், பாட முடியாது என்ற அளவே மிதமான வேகம். ராரிட்டன் ஆற்றங்கரையிலுள்ள டியூக் ஐலண்ட் பூங்கா நடப்பதற்கு ஏற்ற சமதளம். நம் தெருக்கள் பலவற்றில் நடைபாதை இல்லை. காரோட்டாத பெற்றோரை வாரத்தில் சில நாளேனும் பிள்ளைகள் அங்கு அழைத்துச்செல்ல வேண்டும். குளிர்காலத்தில் பிரிட்ஜ்வாட்டர் காமன்ஸ் வணிக வளாகத்தின் உட்புறம் பயன்படும். கடைக்குள் நுழையாமல் நடப்பது தனியொரு பயிற்சி. தசை வலுவிற்கு, கையூன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துமுறை எழுந்தமர்வதே தொடக்கத்திற்குப் போதும்.

உணவைப் பற்றி நீண்டுரைக்கத் தேவையில்லை; எல்லோரும் அறிந்ததே. இரண்டு செய்திகளை மட்டும் சொல்கிறேன். நம்மினத்தாருக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வருகிறது. அதனால் ஆசிய வம்சத்தினர் உடல்நிறைக் குறியீடு 23 ஆனவுடனேயே நீரிழிவுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என அமெரிக்க நீரிழிவுச் சங்கம் பரிந்துரைக்கிறது. 165 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது ஏறத்தாழ 138 பவுண்டு. நம்மில் பலர் அதனை மெலிவு என்றே கருதுவோம். வேலைக்குச் சென்ற நாளில் மதியம் ஒரு டப்பாவோடு முடிந்த உணவு, ஓய்வுக்குப்பின் பதினொரு மணிச் சிற்றுண்டி, நான்கு மணிச் சிற்றுண்டி என்று பெருகுவதைக் கவனியுங்கள். வெங்கடேசுவரர் கோயில் உணவகத்துத் தோசையை விலக்கச் சொல்லவில்லை. அன்று இரவு சோற்றைக் குறைத்துச் சுண்டலும் காய்கறியும் கொள்ளலாம்.

இரண்டாவது, சைவ உணவினரும், மெட்பார்மின் மாத்திரையை நெடுநாள் உட்கொள்வோரும் பி12 உயிர்ச்சத்துக் குறைவுக்கு ஆளாகலாம். கால் மரத்துப்போவதை நீரிழிவின் விளைவு என்று விட்டுவிடாமல், மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

மெடிகேர் பி பிரிவு உடையவர்களுக்கு, நீரிழிவோ சிறுநீரக நோயோ இருப்பின், மருத்துவர் பரிந்துரையின் பேரில் உணவியல் நிபுணரின் ஆலோசனை முதலாண்டில் மூன்று மணி நேரமும் பின்னர் ஆண்டுதோறும் இரண்டு மணி நேரமும் கிடைக்கும். நிபுணர் சோறு, இட்லி, கூழ் ஆகியவற்றை அறியாதவராக இருக்கக்கூடும். ஒரு வாரம் உண்டவற்றை அளவோடு எழுதிக்கொண்டு போங்கள். கூட்டரசு நிதியுதவி பெறும் மருத்துவமனைகளும் மருத்துவகங்களும் மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றி ஏற்பாடு செய்யக் கடமைப்பட்டவை. நேரம் குறிக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். பள்ளிக்கூடம் செல்லும் பேரப்பிள்ளையை அழைத்துச் சென்று மொழிபெயர்க்கச் சொல்ல வேண்டா.