ரூத்தின் கதைக்குப் பயன் சொன்ன சைவப் பிள்ளை

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரை)



இந்துக் கல்லூரி ஒன்றிலே தமிழ் கற்பிக்கின்ற எனக்கு மேடையிற் பேசக் கற்றுத்தந்தவர் யார் என்று மாணவியர் கேட்பதுண்டு. பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஒருவரின் பெயரை எதிர்பார்ப்பார்கள். நான் குறிப்பிடுவதோ, மானிப்பாய்ப் பக்கத்தில் எங்கள் ஊர்த் தேவாலயத்திலே கூடிய சிறுமியர் சங்கத்தை.

1990 ஆனியில் மீண்டும் போர் மூண்டபோது எனக்குப் பத்து வயது. மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்துச் சொட்டு மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கிலேதான் படிப்பு. பக்கத்து வீட்டுச் சிநேகிதி சனிக்கிழமைப் பின்னேரங்களிற் சங்கத்துக்குப் போனாள், நானும் போனேன். அதற்குமேல் ஆழ்ந்த காரணம் எதுவுமில்லை. இருபது பிள்ளைகள் வரை வருவோம். அவர்களுள் மூவர் சைவப் பிள்ளைகள். துருத்தி கிழிந்த ஆர்மோனியம் ஒன்று. அதை வாசிக்கவும் எங்களை மேய்க்கவும் ஓர் அக்கா.

பாட்டுகளிலே தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் எனக்கு உடனே பிடித்துக்கொண்டன. 1774 முதல் 1864 வரை வாழ்ந்த அப்பெரும்புலவர் நம்முடைய இராகங்களிலேயே பாடிவைத்தவர். ஆங்கில மெட்டுக்குள் தமிழை நெருக்கி அடைத்த ஞானப்பாட்டுகளோ இன்றுவரை என் காதுக்கு ஒத்துவரவில்லை.

ஆனால், நான் சொல்ல வந்தது பாட்டைப் பற்றியல்ல. வேதாகமத்தில் ஒரு பகுதியை ஒரு பிள்ளை எழுந்து நின்று உரக்க வாசிக்க வேண்டும். வாசித்ததும் அக்கா, “இனிப் புத்தகத்தை மூடிப்போட்டு உன்ரை சொல்லிலை சொல்லு” என்பார். இது எனக்குப் புதிதல்ல. எங்கள் கோயிலிலே கந்தபுராண படனம் நடக்கும். ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிக்க, மற்றவர் பயன் சொல்லுவார். என் அம்மப்பா பயன் சொல்லுவதிற் பேர்பெற்றவர். தூணோரம் அம்மம்மாவின் மடியிலிருந்து கேட்டுக் கேட்டுச் சூரபன்மன் வதைப்படலம் எனக்கு ஏறக்குறைய மனப்பாடம். இருந்தும் என்ன? அந்த மண்டபத்தில் ஒரு பெண்பிள்ளை எழுந்து பயன் சொல்லி நான் கண்டதில்லை. அந்த வேலையையே, மத்தியூ என்றும் மாற்கு என்றும் பெயர் மாற்றி, பத்து வயதுப் பிள்ளையிடம் ஒப்படைத்தார் அந்த அக்கா. 1824 இல் உடுவிலிலே பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை அமைத்த அமெரிக்க மிஷன் வழிவந்த சபை அது. பெண் வாசிப்பது அங்கே புதினமான சங்கதியல்ல.

எனக்கு வாய்த்தது ரூத்தின் கதை. 1871 இல் வெளிவந்த மொழிபெயர்ப்பே எங்கள் கையில் இருந்தது. வடசொல் மிகுந்த அந்த நடையை எங்கள் ஊர்ப் பேச்சுக்குக் கொண்டுவரப் பட்ட பாடுதான் நான் செய்த முதல் உரையாசிரியப் பணி.

ஒரு நாள் சபையின் பெரியவர் ஒருவர் என் நெற்றியைப் பார்த்து, திருநீற்றை அழித்துவிட்டு உள்ளே வரும்படி சொன்னார். நான் வாசலிலே நின்றுவிட்டேன். அக்கா வந்து, “அந்தப் பிள்ளை அப்பிடியே இருக்கட்டும், ஐயா” என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். அவர் அதற்காகப் பிறகு என்ன பேச்செல்லாம் கேட்டாரோ! எங்கள் வீட்டிலும் கதை எட்டியது. “இனிப் போகவேண்டாம்” என்றார் அம்மம்மா. அம்மப்பா வெற்றிலையை மென்றபடி, “நாவலர் பெருமான் பேர்சிவல் பாதிரியாரோடை இருந்து பைபிளையே தமிழாக்கினவர். அவற்றை திருநீறு அழிஞ்சு போச்சோ?” என்றார். 1847 மார்கழி 31 இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே நாவலர் தொடங்கிய சைவப் பிரசங்கம், பாதிரிமாரின் பிரசங்க முறையைக் கண்டறிந்து கைக்கொண்ட வடிவம் என்பதைப் பட்டப் படிப்பின்போதுதான் அறிந்தேன்.

1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தது. தென்மராட்சியிலே ஒரு பாடசாலைக் கொட்டிலுக்குள் எங்களுக்கு இடம் கிடைத்தது. அந்த அக்கா எப்படியோ எங்களில் ஆறு பேரைத் தேடிப் பிடித்துவிட்டார். ஒரு சனிக்கிழமை மாமரத்தின் கீழ் என்னை ரூத்தின் கதையைச் சொல்லச் சொன்னார். சோறு ஆக்கிக்கொண்டிருந்த சனங்களும் வந்து குந்தினார்கள். பஞ்சத்தால் ஊரைவிட்டுப் போன குடும்பம். போன இடத்திலே கணவனையும் இரண்டு பிள்ளைகளையும் இழந்த நகோமி. அவளை விட்டுப் போக மறுத்த மருமகள். என் குரலைத் தவிர வேறு சத்தமில்லை. முடிந்ததும் ஒரு கிழவி கேட்டார்: “நகோமி ஊருக்குத் திரும்பினவளோ, பிள்ளை?”

“ஓம், ஆச்சி.”

“வீடு இருந்ததோ?”

வீட்டைப் பற்றி நூலிலே இல்லை. “காணி இருந்தது, ஆச்சி” என்றேன்.

1996 சித்திரையில் நாங்கள் திரும்பியபோது எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை, காணி இருந்தது. அக்காவை அதன் பின் காணவில்லை. வன்னிக்குப் போனதாகச் சொன்னார்கள்.

சென்ற ஆண்டு எங்கள் கல்லூரியிலே கந்தசஷ்டியையொட்டி ஒரு மாணவி பாட்டு வாசிக்க, இன்னொருத்தி எழுந்து நின்று பயன் சொன்னாள். “புத்தகத்தை மூடிப்போட்டுச் சொல்லு” என்றேன். சொன்னாள். அம்மப்பா இருந்திருந்தால் வாசித்தவளின் இராகத்திலே இரண்டு பிழையாவது பிடித்திருப்பார்.