எல்லோர் இதயத்திலும் ஒரே நாடிப் படமா?
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



உயிரியல் வகுப்பில் நாங்கள் வரைந்த இதயத்தில் முடியுரு நாடிகள் இரண்டு: பெருநாடியின் அடியில் வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று. படத்துக்குப் புள்ளி கிடைத்தது. ஆனால் அது பெரும்பான்மையோரின் படம் மட்டுமே என்பதை மருத்துவம் படிக்கப் போன பிறகுதான் அறிந்தோம். நம்முடைய வாவிக்குப் பாலமீன்மடுவிலும் பெரியகல்லாற்றிலும் முகத்துவாரங்கள் உண்டு. ஒன்றை மட்டும் பார்த்து அதன் நீரோட்டத்தைச் சொல்ல முடியுமா? இதயமும் அப்படித்தான்.

இதயத்தின் பின்புறத்துக்குப் போகும் கிளை, பத்தில் எட்டுப் பேருக்கு வல நாடியிலிருந்து வருகிறது. ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இட நாடியிலிருந்து. மிகுதிப் பேருக்கு இரண்டும் பங்கிட்டுக்கொள்கின்றன. அஞ்சியோகிராம் அறிக்கையில் 'இட ஆதிக்கம்' என்று வாசித்துவிட்டு இரவு முழுவதும் தூங்காதவர்கள் உண்டு. அது நோயின் பெயரல்ல. ஆனாலும் வைத்தியருக்கு வேண்டிய செய்தி: அத்தகையவருக்கு இடது பிரதான நாடி அடைத்தால் இதயத்தின் மிகப் பெரும் பகுதி ஒரேயடியாக இரத்தமின்றிப் போகும். வல ஆதிக்கம் உள்ளவருக்கு வல நாடி அடைத்தால் துடிப்பு மிகவும் குறைந்து மயக்கம் வரலாம். துடிப்பைக் கீழறைக்குக் கடத்தும் கணுவுக்கு இரத்தம் போவது பெரும்பாலும் அங்கிருந்துதான்.

நூறில் ஒருவர் அளவில், நாடி பிறப்பிலேயே இடம் மாறித் தொடங்குகிறது. பெரும்பாலானவை கேடு செய்யாதவை. எங்களுக்குப் பெரும் பயம் ஒரு வகையில்தான்: இட நாடி வலப்புறத்தில் தொடங்கி, பெருநாடிக்கும் சுவாசப்பை நாடிக்கும் இடையே நுழைந்து போவது. வேகமாக ஓடும்போது, இதயத்துக்கு இரத்தம் அதிகம் வேண்டிய நேரத்திலேயே, அது நெருக்கப்படும். இளம் விளையாட்டு வீரர்களின் திடீர் மரணங்களில் இதற்குப் பங்குண்டு. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் பீட் மரவிச்சின் கதை வேறு மாதிரி. 1988இல், 40 வயதில், விளையாட்டிடையே விழுந்து இறந்தார். பிரேத பரிசோதனையில் அவருக்கு இட முடியுரு நாடியே இருக்கவில்லை! அதோடுதான் அத்தனை ஆண்டுகள் முதல்தர ஆட்டம் ஆடியிருக்கிறார்.

இங்கே ஆசிரியைகளும் தாய்மாரும் இருப்பதால் இதைச் சொல்கிறோம். இல்ல விளையாட்டுப் போட்டியில் ஒரு பிள்ளை விழுந்தால், "காலையில் சாப்பிடவில்லை, வெயில்" என்று தண்ணீர் தெளித்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். வரிசையில் நின்று மயங்கியவளுக்கு அநேகமாக அது சரி. ஓடிக்கொண்டிருக்கையிலேயே விழுந்தவளுக்கும், ஓடும்போது நெஞ்சு நோகிறது என்பவளுக்கும் அது போதாது. ஓய்வில் எடுத்த ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் விட்டுவிடாதீர்கள். 'மயங்கினாள்' என்று மட்டும் சொல்லாமல், 'ஓடும்போது விழுந்தாள்' என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். எக்கோவில் நாடிகள் தொடங்கும் இடத்தைப் பல வேளைகளில் பார்க்கலாம், தெளிவில்லாவிட்டால் சீ.ரி. ஸ்கான் காட்டும். ஆபத்தான வகையென்றால் சத்திரசிகிச்சையால் திருத்தலாம்.