பேச்சுப் போன 'அநாதைப் பெண்'



சேலம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது. ஸ்டுடியோ போய்விட்டது. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' 1938இல் அங்கேதான் தயாரானது. அதன் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. நான் பேச வந்திருப்பது அதற்கும் முந்திய ஒரு படத்தைப் பற்றி. 1930களின் தொடக்கத்தில் ராஜா சாண்டோ இயக்கிய 'அநாதைப் பெண்'. வை.மு. கோதைநாயகி அம்மாள் எழுதிய நாவலின் மௌனப்பட வடிவம் அது. அதுவும் இன்று இல்லை.

கோதைநாயகி 1901இல் பிறந்தவர். எழுதக் கைவராத காலத்திலேயே கதை சொல்லத் தெரிந்தவர். அவருடைய முதல் ஆக்கமான 'இந்திர மோகனா' நாடகத்தை அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதிக்கொண்டார். பிறகு 'ஜகன்மோகினி' இதழை ஏற்று நடத்தினார். 115 நாவல்கள் எழுதினார். விடுதலைப் போராட்டத்தில் சிறைக்கும் போனார். வாயால் சொன்ன கதையில் தொடங்கிய எழுத்து என்பதை அவருடைய பக்கங்களைப் புரட்டினாலே உணரலாம். ஆட்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். கதை அந்தப் பேச்சிலேயே நகரும்.

அந்தப் பேச்சை ஊமைப்படத்தில் எப்படிக் கொண்டுவந்தார்கள்? இந்தக் கேள்வி என்னைப் பல ஆண்டுகளாக விடவில்லை. ராஜா சாண்டோ புதுக்கோட்டைக்காரர், உடற்பயிற்சி வீரர், பம்பாய்ப் படங்களில் நடித்துப் பேர் வாங்கியவர். புராணப் படங்களே மிகுதியாக ஓடிய நாளில் சமூகக் கதையைத் துணிந்து கையில் எடுத்தார். பக்கக்கணக்கான உரையாடலை, காட்சிக்கு நடுவே வரும் எழுத்து அட்டையின் இரண்டு வரிக்குள் அடக்கியாக வேண்டும். மிச்சத்தைக் கண்ணும் கையும் சொல்ல வேண்டும். எதை விட்டார், எதை வைத்துக்கொண்டார் என்று நாவலோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்திருந்தால் தமிழில் திரைக்கதை எழுதும் கலை பிறந்த இடமே நமக்குக் கிடைத்திருக்கும்.

அக்காலத்து மௌனப்படக் கூடாரங்களில் இன்னொருவரும் இருந்தார். திரைக்குப் பக்கத்தில் நின்று எழுத்து அட்டையை உரக்கப் படித்து, கதையை விளக்கிச் சொல்பவர். படிக்கத் தெரியாத கூட்டம் அவர் வாயைத்தான் நம்பியிருந்தது. ஒரு பெண்ணின் வாய்ச்சொல்லில் தொடங்கிய எழுத்து ஊமைப்படமாகி, கடைசியில் கூடாரத்தில் அதற்கு மறுபடி வாய் கிடைக்கிறது! இந்தச் சங்கிலியில் நாவல் என்ற ஒரு கண்ணிதான் நம்மிடம் இருக்கிறது.

பேசும்படம் வந்ததும் ஊமைப்படம் விலைபோகவில்லை. 'அநாதைப் பெண்'ணையே 1938இல் ஜூபிடர் பிக்சர்ஸ் பேசும்படமாக எடுத்தது. பழைய சுருள்களை யார் வைத்துக் காப்பார்கள்? அக்காலத்து நைட்ரேட் படச்சுருள் ஒருமுறை பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள்ளும் எரியும். எரியாமல் தப்பினால் பிசுபிசுத்து, பழுப்புப் பொடியாகும். அதுவும் இல்லையென்றால் வெள்ளிக்காகக் கழுவிவிடுவார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தின் கறுப்பெல்லாம் வெள்ளித் துகள்தான். பட்டறையைப் பெருக்கிய தூசியிலும் வெள்ளி எடுக்கத் தெரிந்த சேலம் செவ்வாய்ப்பேட்டைக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. எத்தனை முகங்கள் அப்படிக் கரைந்து போயின என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

தென்னாட்டில் நாவலிலிருந்து எடுத்த மௌனப்படம் ஒன்று தப்பியது. சி.வி. ராமன் பிள்ளையின் நாவலைக் கொண்டு நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்து, பி.வி. ராவ் இயக்கிய 'மார்த்தாண்ட வர்மா', 1933. நாவலின் உரிமை பெற்றிருந்த திருவனந்தபுரம் கமலாலயா புத்தக நிலையம் வழக்குப் போட்டது, படம் முடங்கியது, பிரதி பதிப்பாளரிடமே தங்கியது. 1974இல் பி.கே. நாயரின் முயற்சியால் புணேயிலுள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்துக்குப் போனது. ஓடவிடாமல் தடுத்த வழக்குதான் அதைக் காப்பாற்றியது. ஊர் ஊராக ஓடிய படங்கள் தேய்ந்தும் அழிந்தன.

நாமக்கல் கவிஞரின் 'மலைக்கள்ளன்' நாவல் 1954இல் படமானது. இன்றும் பார்க்கிறோம். அந்தக் கொடுப்பினை கோதைநாயகியின் கதைக்கு வாய்க்கவில்லை.

சேலம், நாமக்கல் பக்கத்தில் டூரிங் டாக்கீஸ் நடத்திய குடும்பங்கள், நோட்டீஸ் அச்சடித்த அச்சகங்கள், 'ஜகன்மோகினி' வாங்கிய வீடுகள் உண்டு. அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பரணில் பழைய தகர டப்பா இருந்தால் விளக்கோ பீடியோ பக்கத்தில் இல்லாமல், வெயில் படாத இடத்தில் வையுங்கள். நீங்களே திறந்து சுருளைப் பிரிக்க வேண்டாம். டப்பா மேல் எழுதியிருப்பதைப் படம் பிடித்துப் புணேக் காப்பகத்துக்கு அனுப்புங்கள். ஒரே ஒரு நோட்டீஸ் அகப்பட்டாலும் போதும்; யார் நடித்தார்கள், எத்தனை ரீல், எந்தக் காட்சியைச் சொல்லிக் கூட்டம் சேர்த்தார்கள் என்பது அதில் இருக்கும்.