இரு நாட்டுக் கணக்கும் ஒரு மூட்டை உளுந்தும்

தாயகம் விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நம் இல்லங்களில், இட்லிக்கென இரவில் ஊறும் உளுந்தில் ஒரு பகுதி கடல் கடந்து வருவதாகும். அதனை நமக்கு மிகுதியாக விற்கும் நாடு, பர்மா எனப் பண்டு வழங்கிய மியான்மர். இவ்விரு நாடுகளின் ஏற்றுமதி இறக்குமதியை ஆராயப் புகுவோர் எதை எவ்வாறு நோக்க வேண்டும் என்பதைச் சிறிது சிந்திப்போம்.

நம் துறைமுகங்களிலும் எல்லைச் சாவடிகளிலும் சுங்க அதிகாரிகளிடம் சேரும் விவரங்களைத் தொகுத்து வெளியிடுவது, கொல்கத்தாவில் உள்ள வாணிகத் தகவல், புள்ளிவிவரத் தலைமை இயக்ககம். மியான்மர் தன் கணக்கைத் தனியே எழுதுகிறது. அவர் விற்றதும் நாம் வாங்கியதும் ஒரே தொகையாக இருக்க வேண்டும் அன்றோ? ஆனால், எந்த இரு நாட்டு ஏடுகளை அருகருகே வைத்தாலும் தொகைகள் ஒத்து வருவது அரிது. அதனால் ஒரு சாரார் பொய் எழுதினர் என்று முடிவு கட்டிவிடலாகாது.

விற்பவர் பொதுவாகக் கப்பலில் ஏற்றும் வரையில் ஆன மதிப்பை எழுதுகிறார். வாங்கும் நாமோ கப்பல் கூலியையும் காப்புறுதிச் செலவையும் சேர்த்து எழுதுகிறோம். ஆண்டும் வேறுபடலாம். நமக்கு நிதியாண்டு ஏப்ரலில் பிறக்கிறது. மியான்மரோ 2018இல் அக்டோபருக்கு மாறி, 2022இல் மீண்டும் ஏப்ரலுக்குத் திரும்பியது. பொருளின் பெயரிலும் சிக்கல் உண்டு. உலக நாடுகள் பொதுவாகக் கையாளும் ஆறு இலக்கக் குறியீட்டில் உளுந்தும் பச்சைப்பயறும் ஒரே எண்ணுள் அடங்குகின்றன. யாங்கோனில் ஏறிய சரக்குக்குச் சிங்கப்பூர் வணிகர் பட்டியல் எழுதுவதும் உண்டு. ஆகவே அட்டவணை குறிப்பது விளைந்த நாட்டையா, அனுப்பிய நாட்டையா என்று கேட்டறிய வேண்டும்.

ஏட்டில் ஏறாத வணிகமும் உண்டு. மணிப்பூரின் எல்லையூராகிய மோரேயில், 1960களில் பர்மாவை விட்டு வந்த தமிழ்க் குடும்பங்கள் பல குடியேறின. 1994இல் கையெழுத்தான எல்லை வணிக உடன்படிக்கையின்படி, 1995இல் அங்கு முறைப்படி வணிகம் தொடங்கியது. எனினும் அவ்வழியே கடந்த சரக்கு முழுவதும் சுங்கக் கணக்கில் இடம்பெற்றதில்லை.

இவற்றையெல்லாம் சரிசெய்த பின்னரும் முதன்மையான கேள்வி ஒன்று எஞ்சி நிற்கிறது. ஒரே தொகை இரு நாட்டுத் தராசிலும் ஒரே எடை காட்டுமா? நம் மொத்த இறக்குமதியில் பருப்பு ஒரு சிறு கூறு. மியான்மர் உழவருக்கோ உளுந்தையும் துவரையையும் பெருமளவில் வாங்குவோர் நாம்தாம்.

2015இல் இங்குப் பருப்பு விலை மிக ஏறியது. 2016-17இல் நம் விளைச்சல் முன் என்றும் காணாத அளவை எட்ட, விலை வீழ்ந்தது. நம் உழவரைக் காக்கும் பொருட்டு, 2017 ஆகஸ்டில் அரசு இறக்குமதிக்கு வரம்பு கட்டியது: ஆண்டுக்குத் துவரை 2 லட்சம் டன், உளுந்தும் பச்சைப்பயறும் சேர்ந்து 3 லட்சம் டன். நம் ஏட்டில் அது ஒரு வரியின் மாற்றம். ஆனால் நம்மை நம்பி விதைத்த மியான்மர் உழவரின் விளைபொருள் விலை சரிந்தது. சரக்கு கிடங்கில் தேங்கியது. பின்னர், 2021இல் வரம்பு தளர்ந்தது. ஆண்டுதோறும் உளுந்து 2½ லட்சம் டன்னும் துவரை 1 லட்சம் டன்னும் வாங்குவதென, ஐந்து நிதியாண்டுகளுக்கு உடன்பாடு ஏற்பட்டது. முன்கூட்டியே அளவு தெரிந்தால் விதைப்பவன் துணிந்து விதைப்பான்.

ஆகவே, வாணிகத்தை ஆராய்வோர் நம் ஏட்டோடு நின்றுவிடாமல் மற்றவர் ஏட்டையும் புரட்டுதல் வேண்டும். நமக்கு மலிவாகத் தோன்றும் விலை மறுகரையில் எவருடைய நட்டம் என்பதை, இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அறிய முடியும்.